வீட்டுக் கம்ப்யூட்டரைத் திறக்கும்போது பாஸ்வேர்டு கேட்பதை நிறுத்தலாமா? எப்படி?

"வீட்டில் அம்மா மட்டுமே பயன்படுத்தும் விண்டோஸ் கம்ப்யூட்டர். ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்டு கேட்பதால் தடுமாறிப்போகிறார். அதை எடுத்துவிடலாமா, ஆபத்தா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எடுத்துவிடலாம். வீட்டை விட்டு வெளியே போகாத மேசைக் கம்ப்யூட்டர் என்றால் தயங்கவே வேண்டாம். ஆனால் அதற்கு முன்னால் ஒரு மணி நேர வேலை இருக்கிறது. அதை முடிக்காமல் எடுக்காதீர்கள். என் அப்பாவுக்காக இதையெல்லாம் செய்து பார்த்தவள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் தர்மபுரி மாவட்டத்தில், பாலக்கோட்டுக்குப் பக்கம். அப்பா பட்டுப்புழு வளர்க்கிறார். எந்தத் தேதியில் புழு வந்தது, தர்மபுரி ஏலத்தில் கூடு என்ன விலைக்குப் போனது, நூறு முட்டைத் தொகுதிக்கு எத்தனை கிலோ கூடு கிடைத்தது என்று வருடக்கணக்கில் நோட்டில் எழுதிவைத்தவர். நான் ஓசூருக்கு வேலைக்குப் போன பிறகு அதையெல்லாம் எக்ஸெல்லில் ஏற்றிக் கொடுத்தேன். ஆசையாகத்தான் கற்றுக்கொண்டார். எக்ஸெல் அவருக்குச் சிரமமாகவே இல்லை. தடையாக நின்றது திறக்கும்போது வருகிற அந்த ஒரு திரைதான்.

நாலு இலக்கப் பின் எண் வைத்திருந்தேன். அப்பா கீபோர்டின் வலப்பக்கத்தில் இருக்கும் எண்களைத்தான் அழுத்துவார். அந்த எண்களை இயக்கும் 'நம் லாக்' (Num Lock) விசை அணைந்திருந்தால் அவை விழாது. கம்ப்யூட்டர் புதிதாகத் திறக்கும்போது பெரும்பாலும் அது அணைந்தே இருந்தது. அவர் தான்தான் எண்ணை மறந்துவிட்டோம் என்று நினைத்து வேறு வேறு எண்களைப் போட்டுப் பார்த்திருக்கிறார். சில தடவை தப்பானதும் விண்டோஸ் 'ஏ1பி2சி3' என்று அடிக்கச் சொல்லும். யாராவது தெரியாமல் விசைகளைத் தட்டிக்கொண்டிருக்கிறார்களா என்று பார்க்கத்தான் அந்த ஏற்பாடு. அப்பாவோ கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்றே நினைத்துவிட்டார். மின்வெட்டு அடிக்கடி வரும் ஊர் வேறு. ஒரு நாளில் மூன்று தடவை கரண்ட் போனால் மூன்று தடவை அந்தத் திரை.

சரி, கைரேகை வைத்தால் போகிறது என்று யுஎஸ்பியில் செருகும் கைரேகைக் கருவி ஒன்று வாங்கி வந்தேன். அது அப்பாவின் விரலை எடுத்துக்கொள்ளவே இல்லை. நாலாவது தோலுரிப்பு முடிந்த புழு இரவு பகலாகத் தின்னும். அந்த ஏழெட்டு நாளும் மல்பெரித் தழை வெட்டி வெட்டி விரல் ரேகை தேய்ந்துபோயிருக்கும். ரேஷன் கடையிலும் அவருக்கு இதே பாடுதான். "ஏம்மா, நம்ம ஊட்டுப் பொட்டிக்கே நான் யாருன்னு தெரியலயா?" என்று கேட்டார். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் வைத்த பூட்டு திருடன் யாரையும் தடுத்ததாகத் தெரியவில்லை, அப்பாவைத்தான் தடுத்துக்கொண்டிருந்தது.

இப்போது அந்த ஒரு மணி நேர வேலைக்கு வருகிறேன். கம்ப்யூட்டரில் என்னென்ன இருக்கிறது என்று உட்கார்ந்து பாருங்கள். எங்கள் வீட்டில் முகப்புத் திரையிலேயே ஆதார் நகல், பட்டா, நகைக்கடன் ரசீது, பாஸ்புக்கின் முதல் பக்கம் எல்லாம் கிடந்தன. எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவுக்கு மாற்றி, கம்ப்யூட்டரிலிருந்து அழித்து, பென் டிரைவை பீரோவில் வைத்தேன். டவுன்லோட்ஸ் கோப்புறையையும் ரீசைக்கிள் பின்னையும் மறக்காமல் பாருங்கள், நகல்கள் அங்கேதான் தங்கிவிடும். அப்புறம் பிரௌசர். வங்கியின் பாஸ்வேர்டு அதில் சேமிக்கப்பட்டிருந்தால் உடனே நீக்கிவிடுங்கள். வாசலைத் திறந்து வைக்கலாம், பீரோவைத் திறந்து வைக்கக் கூடாது.

அடுத்தது கணக்கு. பலரும் இருக்கிற ஒரே கணக்கில் பாஸ்வேர்டை எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். இரண்டு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று உங்களுடையது, நிர்வாகி உரிமையோடு, நல்ல பாஸ்வேர்டோடு. இன்னொன்று அம்மாவுக்கு, சாதாரணக் கணக்கு. செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் பகுதிக்குப் போய், மற்ற பயனர்களைச் சேர்க்கும் இடத்தில், மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் இல்லாமல் சேர்ப்பதைத் தேர்ந்தெடுங்கள். முதல் திரையில் மின்னஞ்சல் கேட்கும். அந்த நபரின் விவரம் என்னிடம் இல்லை என்ற வரியைச் சொடுக்கினால்தான் அந்த வழி தெரியும். இப்படி உண்டாக்கும் லோக்கல் கணக்குக்கு, அதாவது அந்தக் கம்ப்யூட்டருக்குள் மட்டும் இருக்கும் கணக்குக்கு, பாஸ்வேர்டு இடத்தைக் காலியாகவே விட்டுவிடலாம்.

காலியாகவா என்று பயப்பட வேண்டாம். பாஸ்வேர்டு இல்லாத லோக்கல் கணக்குக்குள் நெட்வொர்க் வழியாக நுழைய விண்டோஸ் விடாது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலிருந்தே இயல்பமைப்பு அப்படித்தான். கம்ப்யூட்டருக்கு எதிரே உட்கார்ந்தால்தான் திறக்கும். பக்கத்து வீட்டுப் பையன்கூட ஊகிக்கக்கூடிய '1234'ஐ வைப்பதைவிட, இந்த ஒரு விஷயத்தில், காலியாக விடுவது மேல்.

இனி தானாகத் திறக்கும்படி செய்ய வேண்டும். உங்கள் நிர்வாகிக் கணக்கில் நுழைந்துகொள்ளுங்கள். ஸ்டார்ட் மெனுவைத் திறந்து என், ஈ, டி, பி, எல், டபிள்யூ, ஐ, இசட் என்ற எட்டு எழுத்துகளையும் ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் அடித்து என்டர் தட்டுங்கள். கீபோர்டு தமிழில் இருந்தால் முதலில் விண்டோஸ் விசையையும் ஸ்பேஸ் பாரையும் சேர்த்து அழுத்தி மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு சிறிய ஜன்னல் திறக்கும். மேலே, பயனர் பெயரும் பாஸ்வேர்டும் தந்தால்தான் இந்தக் கம்ப்யூட்டரைப் பயன்படுத்தலாம் என்ற பொருளில் ஆங்கில வரி ஒன்று இருக்கும். கீழே பட்டியலில் அம்மாவின் கணக்கைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அந்த வரிக்கு முன்னால் இருக்கும் டிக்கை எடுத்துவிட்டு, அப்ளை கொடுங்கள். பாஸ்வேர்டு கேட்டு இரண்டு பெட்டிகள் வரும். காலியாக வைத்த கணக்கு என்பதால் அப்படியே ஓகே கொடுத்தால் போதும்.

அந்த டிக் கட்டமே தென்படவில்லை என்று நிறையப் பேர் சொல்வார்கள். எனக்கும் தென்படவில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்க அதிலேயே போனது. செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ், அதற்குள் சைன்-இன் ஆப்ஷன்ஸ். அங்கே, மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டுகளுக்கு விண்டோஸ் ஹலோ (பின் எண், கைரேகை, முகம் இவற்றால் நுழையும் முறை) வழியாக மட்டுமே நுழைய அனுமதி என்ற பொருளில் ஒரு சுவிட்ச் இருக்கும். அதை அணைத்துவிட்டு அந்தச் சின்ன ஜன்னலை மூடித் திறந்தால் கட்டம் வந்துவிடும்.

இரண்டு கணக்கெல்லாம் வேண்டாம், இருக்கிற மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டிலேயே செய்துகொள்கிறேன் என்றால், அந்த இரண்டு பெட்டிகளிலும் பின் எண்ணைப் போடாதீர்கள். அந்த அக்கவுண்டின் முழுப் பாஸ்வேர்டைத்தான் போட வேண்டும். தப்பாகப் போட்டாலும் அந்த நேரத்தில் ஒன்றும் சொல்லாது. அடுத்த தடவை திறக்கும்போதுதான் தவறு என்று நிற்கும். பிற்பாடு பாஸ்வேர்டை மாற்றினால் இதையும் மறுபடி செய்ய வேண்டும். ஆனால் நான் இந்த வழியைச் சொல்ல மாட்டேன். உங்கள் மின்னஞ்சலுக்கும் அதுதான் சாவி. தானாகத் திறப்பதற்காக அந்தப் பாஸ்வேர்டு கம்ப்யூட்டருக்குள்ளேயே சேமிக்கப்படுகிறது, நிர்வாகி உரிமை கிடைத்தவர் அதைத் தோண்டி எடுத்துவிட முடியும்.

ஸ்லீப்பிலிருந்து எழும்போதும் திரை வரும், அது வேறு அமைப்பு. அம்மாவின் கணக்கில், அதே சைன்-இன் ஆப்ஷன்ஸ் பக்கத்தில், எவ்வளவு நேரம் கழித்து மறுபடி நுழையச் சொல்ல வேண்டும் என்று கேட்கும் இடத்தில் 'நெவர்' வையுங்கள்.

சாதாரணக் கணக்கு வேண்டும் என்று நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. கிராமத்து வீட்டுக்குள் யாராவது புகுந்து கம்ப்யூட்டரைத் திறந்து பார்ப்பார்களோ என்று நாம் பயப்படுகிறோம். ஆனால் ஆபத்து இப்போது போன் வழியாக வருகிறது. வங்கியிலிருந்து பேசுகிறேன், கம்ப்யூட்டரில் வைரஸ் இருக்கிறது என்று சொல்லி, தூரத்திலிருந்தே திரையைப் பார்க்கும் செயலி ஒன்றைப் போடச் சொல்வார்கள். அந்த நேரத்தில் அம்மா ஏற்கெனவே உள்ளேதான் உட்கார்ந்திருப்பார், திறக்கும்போது கேட்கும் பாஸ்வேர்டு அங்கே எதற்கும் உதவாது. சாதாரணக் கணக்காக இருந்தால், நிர்வாகி உரிமை தேவைப்படும் எதை நிறுவப் போனாலும் உங்கள் பாஸ்வேர்டைக் கேட்டு நிற்கும். நிறுவாமலே ஓடும் செயலிகளும் உண்டு, அதனால் இதை மட்டும் நம்பிவிடாதீர்கள். அப்பாவிடம் இரண்டே விஷயம் சொல்லியிருக்கிறேன். பாஸ்வேர்டு கேட்டு ஒரு திரை வந்தால் கையை எடுத்துவிட்டு எனக்குப் போன் போடுங்கள். போனில் யாராவது கம்ப்யூட்டரைத் திறக்கச் சொன்னால் போனை வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் உடனே அழைக்க வேண்டிய எண் 1930. அதை மானிட்டரின் ஓரத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். நுழைவுப் பாஸ்வேர்டு மட்டும் கோப்புகளைக் காப்பதில்லை. ஹார்டு டிஸ்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் எல்லாவற்றையும் படித்துவிடலாம். டிஸ்கில் இருப்பதைச் சாவியில்லாமல் படிக்க முடியாதபடி மாற்றிவைக்கும் பிட்லாக்கர் போன்ற குறியாக்கம்தான் அதைத் தடுக்கும். அதனால்தான் லேப்டாப்புக்கு இந்த யோசனையே வேண்டாம் என்கிறேன். வாரக் கடைசியில் ஓசூரிலிருந்து ராயக்கோட்டை வழியாக வரும் ரயிலில் என் லேப்டாப் என்னோடு வருகிறது. அதில் குறியாக்கமும் இருக்கிறது, பாஸ்வேர்டும் இருக்கிறது, இரண்டும் இருந்தாக வேண்டும். அலுவலகக் கம்ப்யூட்டரிலும் கை வைக்காதீர்கள்.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு வேலை சுலபம். உபுண்டுவில் செட்டிங்ஸில் பயனர்கள் பகுதியிலேயே ஆட்டோமேட்டிக் லாகின் சுவிட்ச் இருக்கிறது, மின்ட்டில் லாகின் விண்டோ அமைப்பில் இருக்கிறது. ஆனால் பிரௌசரைத் திறந்ததும் கீரிங் (சேமித்த பாஸ்வேர்டுகளைப் பூட்டிவைக்கும் சாவிக்கொத்து) என்று சொல்லி மறுபடி பாஸ்வேர்டு கேட்கலாம். நுழையும்போது அடிக்கும் பாஸ்வேர்டுதான் அந்தச் சாவிக்கொத்தையும் சேர்த்துத் திறந்துகொண்டிருந்தது. இப்போது யாரும் அடிக்காததால் அது பூட்டியே கிடக்கிறது. என் தங்கை தன் கம்ப்யூட்டரில் அதன் பாஸ்வேர்டைக் காலியாக்கிவிட்டாள். அப்படிச் செய்தால் அதில் சேமித்தவை பூட்டில்லாமல் கிடக்கும் என்பதை அறிந்து செய்யுங்கள்.

எல்லாம் முடிந்ததும் மூன்று விதமாகச் சோதியுங்கள். ரீஸ்டார்ட் செய்து பாருங்கள், ஸ்லீப்பில் போட்டு எழுப்பிப் பாருங்கள், ஷட் டவுன் செய்து பிளக்கைப் பிடுங்கி மறுபடி போட்டுப் பாருங்கள். மூன்று தடவையும் அம்மாவையே உட்காரவைத்துச் செய்யச் சொல்லுங்கள். உங்கள் கணக்குக்குப் போக வேண்டும் என்றால் சைன் அவுட் கொடுத்தால் இரண்டு பெயரும் தெரியும். எங்காவது நின்றுவிட்டால், திரையில் என்ன எழுத்து தெரிகிறது என்பதை அப்படியே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.