பிறவுணிக்கு வயதா, வலியா?

கேள்வி: எங்கள் நாய் பிறவுணிக்கு 13 வயது. விடிய எழும்பக் கஷ்டப்படுகிறான், சீமெந்துத் தரையில் பின்கால் வழுக்குகிறது. இரவில் விறாந்தையில் சுற்றிச் சுற்றி நடக்கிறான். "வயது போனால் அப்படித்தான்" என்கிறார் அம்மா. பனடோல் கொடுக்கலாமா? கனடாவிலிருந்து தம்பி மூட்டுக் குளிசையும் அனுப்பியிருக்கிறார்.
வாசகி, கொக்குவில்

பதில்: பனடோல் வேண்டாம். நமக்குச் சாதாரணமான அளவே நாயின் ஈரலைக் கெடுத்துவிடக்கூடும். இபுபுரூஃபன் அதைவிட மோசம், வயிற்றைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தில் கைவைக்கும். தம்பி அனுப்பியது குளுக்கோசமின் என்றால் பெரிய கெடுதல் இல்லை, பெரிய பலனும் இராது. ஆனால் போத்தலில் சைலிட்டோல் என்று இருந்தால் கொடுக்கவே கூடாது. அந்த இனிப்பு நாய்க்கு நஞ்சு.

அம்மா சொல்வது பாதி சரி. வயது போனது உண்மைதான், ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் மூட்டுவாதம் போலத் தெரிகிறது. மூட்டு வலிக்கு நாய் கத்தாது, நடையைக் குறைத்துக்கொள்ளும். அதைத்தான் நாம் வயது என்று விட்டுவிடுகிறோம். நாய்களுக்கென்றே வலிக் குளிசைகள் உண்டு. இரத்தம் சோதித்து, ஈரலும் சிறுநீரகமும் தாங்குமா என்று பார்த்துத்தான் தொடங்குவோம். கொஞ்சம் பருமன் என்றால் சோற்றைக் குறையுங்கள். நிறை குறைந்தாலே பாதி வலி போய்விடுவதைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் முதலில் தரையைக் கவனியுங்கள். படுக்கும் இடத்திலிருந்து தண்ணீர்ச் சட்டி வரை சாக்கு விரித்துவிடுங்கள். பனையோலைப் பாய் சரிவராது, பாயோடு சேர்ந்து அவனும் வழுக்குவான். பாதத்தைத் திருப்பிப் பாருங்கள்: நடை குறைந்த நாய்க்கு நகம் தேயாமல் நீண்டிருக்கும், விரலிடுக்கில் மயிர் அடர்ந்திருக்கும். இரண்டையும் வெட்டிவிட்டால் பிடிமானம் கிடைக்கும்.

இரவு நடை வலியாலும் வரலாம், வயதோடு வரும் மூளைத் தளர்ச்சியாலும் வரலாம். வலியை முதலில் பார்ப்போம். அதுவரை விறாந்தையில் ஒரு சின்ன லைற் எரியட்டும், கதிரைகளை இடம் மாற்றாதீர்கள்.

பல் முரசு வெளிறினாலோ, திடீரென்று தண்ணீர் கூடக் குடித்தாலோ உடனே கொண்டு வாருங்கள். உண்ணிக் காய்ச்சலுக்கு வயது கணக்கில்லை.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. குசினிக் கலண்டரில் அவன் விரும்பிச் சாப்பிட்டு, படலை வரை வந்த நாட்களுக்கு ஒரு சரி போடுங்கள். மாதக் கடைசியில் சரிகள் அரிதாகிப்போனால் அடுத்து என்ன என்பதை அம்மாவையும் வைத்துக்கொண்டு பேசலாம்.

வரும்போது அவன் விடிய எழும்புவதைப் போனில் வீடியோ எடுத்து வாருங்கள். என் மேசைக்கு வந்தால் பயத்தில் எந்த நாயும் நொண்டுவதை மறந்துவிடும்.