டெல்லி கணேஷுக்கு உரிய இடம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் பாளையங்கோட்டையில் பள்ளி ஆசிரியை. டெல்லி கணேஷ் பிறந்த வல்லநாடு எங்கள் ஊரிலிருந்து தூத்துக்குடி போகும் வழியில்தான் இருக்கிறது. 2024 நவம்பரில் அவர் மறைந்தபோது நான் பார்த்த சேனல்களில் இரண்டு மூன்று நகைச்சுவைக் காட்சிகளையே திரும்பத் திரும்பப் போட்டார்கள். நானூறு படங்களுக்கு மேல் நடித்தவருக்கு இவ்வளவுதானா? எப்போது பார்த்தாலும் ஐயர் வேடம், மாமா வேடம். தமிழ் சினிமா அவரை வீணடித்துவிட்டது என்றே எனக்குப் படுகிறது. என் மகள் கல்லூரி நாடகக் குழுவில் இருக்கிறாள். அவளுக்குக் காட்ட அவருடைய நடிப்பில் எதைச் சொல்வீர்கள்?

ஒரு வாசகி, பாளையங்கோட்டை

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் வருத்தத்தில் பாதி எனக்கும் உண்டு. மீதிப் பாதியோடுதான் எனக்கு வழக்கு.

முதலில் அவர் எங்கிருந்து வந்தார் என்று பாருங்கள். 1944இல் பிறந்தவர். 1964 முதல் பத்தாண்டுகள் விமானப்படையில் வேலை. டெல்லியில் தட்சிண பாரத நாடக சபாவின் மேடையில் நடித்தார். வேலையை விட்டுச் சென்னை வந்த பிறகு காத்தாடி ராமமூர்த்தியின் குழு. அந்தக் குழு போட்ட, விசு எழுதிய ‘பட்டினப்பிரவேசம்’ நாடகத்தை கே. பாலசந்தர் 1977இல் படமாக எடுத்தார். கணேசன் டெல்லி கணேஷ் ஆனது அந்தப் படத்தில்தான். அதாவது, கேமரா முன்னால் வந்து நின்றபோது அவருக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. கதாநாயகன் ஆகும் கனவோடு பதினெட்டு வயதில் ரயிலேறி வந்தவர் இல்லை. நாடகத்தில் தொழிலைக் கற்றுத் தேர்ந்து வந்தவர்.

சபா நாடகம் கற்றுக்கொடுக்கும் தொழில் கொஞ்சம் விசேஷமானது. மேலே தொங்கும் மைக்கில் குரல் விழும்படி வந்து நின்று பேச வேண்டும். அந்த வசனம் நன்றாக இருந்தால் அரங்கம் சிரிக்கும். அந்தச் சிரிப்பு அடங்கத் தொடங்கும் நேரம் பார்த்து அடுத்த வசனத்தை எடுக்க வேண்டும். சீக்கிரம் எடுத்தால் யார் காதிலும் விழாது, தாமதித்தால் நாடகம் தொய்ந்துவிடும். அதைவிட முக்கியம், அந்த இடைவெளியில் நடிகர் சும்மா நிற்கக் கூடாது. பாத்திரமாகவே நிற்க வேண்டும். டெல்லி கணேஷின் சினிமா நடிப்பில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான். பேசாமல் இருக்கும்போதும் அவர் பாத்திரத்தை விட்டு வெளியே வருவதில்லை. ‘நாயகன்’ படத்தில் இந்தி தெரியாத பம்பாய் தாதா வேலு நாயக்கருக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் ஐயராக வருகிறார். சொந்தமாகப் பேச அவருக்கு அதிகம் இல்லை. ஆனால் பக்கத்தில் நிற்கும் அந்த உடம்பைக் கவனியுங்கள். பயமும் விசுவாசமும் அதில் சேர்ந்தே இருக்கும்.

ஐயர் வேடம் என்று அலுத்துக்கொள்கிறீர்கள். நியாயம்தான், எண்ணிக்கையில் அவைதான் அதிகம். ஆனால் அந்த பம்பாய் ஐயர் வேறு, ‘மைக்கேல் மதன காமராஜன்’ படத்துப் பாலக்காட்டுச் சமையல்காரர் மணி ஐயர் வேறு, ‘அவ்வை சண்முகி’யின் சேதுராம ஐயர் முற்றிலும் வேறு. உங்கள் தாமிரபரணிக்காரர் ஒருவர் பாலக்காட்டுத் தமிழை அந்த இழுப்போடும் மூக்கோசையோடும் பேசினார். அதற்குப் பின்னால் இருக்கும் உழைப்பு யார் கண்ணிலும் படவில்லை. கல்யாணச் சமையல்காரரின் கௌரவத்தையும் பதற்றத்தையும் அவர் கொஞ்சமும் குறைக்காமல் செய்ததால்தான் அந்தக் காட்சிகளுக்கு இன்றும் சிரிக்கிறோம். அவரைப் பொறுத்தவரை அங்கே நடப்பது நகைச்சுவையே அல்ல, மானப் பிரச்சினை.

‘சிந்து பைரவி’யின் மிருதங்க வித்வான் குருமூர்த்தியையும் இதோடு சேர்க்க வேண்டும். குடித்துவிட்டு வந்தார் என்று அவரை ஒதுக்கிவிட்டு மிருதங்கமே இல்லாமல் பாடகர் ஜே.கே.பி. கச்சேரி செய்கிறார். பின்னால் அதே ஜே.கே.பி. குடியில் விழுந்து கிடக்கும்போது குருமூர்த்தியின் முகத்தைப் பாருங்கள். பழிதீர்ந்த திருப்தி அதில் துளிகூட இருக்காது.

இனி ஐயர் அல்லாத டெல்லி கணேஷ். 1979இல் துரை இயக்கிய ‘பசி’யில் அவர் ரிக்‌ஷாக்காரர், ஷோபா நடித்த குப்பம்மாவின் அப்பா. சென்னைக் குடிசைப் பகுதியின் பேச்சு, வறுமையில் தேய்ந்துபோன ஒரு தகப்பன். சினிமாவுக்கு வந்து சில வருடங்களே ஆகியிருந்தன. ஷோபாவுக்குத் தேசிய விருது கிடைத்தது, இவருக்குத் தமிழக அரசின் சிறப்புப் பரிசு. அந்த வழியில் அவரைத் தொடர்ந்து கூட்டிக்கொண்டு போக இயக்குநர்கள் வரிசையில் நின்றிருக்க வேண்டும். வரவில்லை. உங்கள் கோபம் நியாயமாவது இந்த இடத்தில்தான். ‘47 நாட்கள்’ படத்தில் சிரஞ்சீவிக்குத் தமிழில் குரல் கொடுத்தவரும் இவரே. மனைவியை வதைக்கும் அந்தக் கணவனின் குரலைக் கேட்டுவிட்டு, பிறகு மணி ஐயரைக் கேளுங்கள். ஒரே தொண்டையிலிருந்து வந்தவை என்று நம்ப முடியாது. அந்தக் கொடூரம் முழுவதையும் குரலில் வைத்திருந்தவரிடம் நம்மவர்கள் ‘அபூர்வ சகோதரர்கள்’ போன்ற ஒன்றிரண்டு படங்களுக்கு அப்பால் வில்லத்தனத்தைக் கேட்கவே இல்லை.

டிவி சீரியல்களிலும் நிறைய நடித்தார். அங்கே ஒரு நாளில் எடுத்துத் தள்ளும் காட்சிகளின் எண்ணிக்கைக்கு நடுவே எந்த நடிகரையும் அளப்பது சரியல்ல, அதனால் அதை விட்டுவிடுகிறேன். புதிதாகப் படம் எடுக்க வந்த இளைஞர்களின் குறும்படங்களுக்கும் அவர் இல்லை என்று சொல்லவில்லை. அதை நன்றியோடு நினைக்கிறேன்.

அவர் வீணாகிவிட்டார் என்பதை நான் ஏற்காததற்குக் காரணம் ‘பாயசம்’. தி. ஜானகிராமன் கதையை வைத்து வசந்த் இயக்கியது, 2021இல் ‘நவரசா’ தொடரில் வந்தது. எழுபத்தைந்து வயது தாண்டிய டெல்லி கணேஷ் அதில் சாமநாது. அண்ணன் மகன் சுப்பராயன் செழித்துவிட்டான், அவன் வீட்டில் கல்யாணம். சாமநாதுவின் மகளோ இளம் விதவை. இறந்துபோன மனைவி அவர் மனதுக்குள் வந்து பேசிக்கொண்டிருக்கிறாள். கிழவரின் பொறாமை ஒவ்வொரு உபசரிப்பிலும் ஒரு படி ஏறுகிறது. யாரும் இல்லாத நேரம் பார்த்துப் பாயச அண்டாவைச் சாய்த்துவிட்டு, எலி விழுந்திருந்தது என்கிறார். அப்போது மகள் அவரைப் பார்க்கிறாள். வாய் அதட்டிக்கொண்டிருக்கும்போதே கண் அவளிடம் பிடிபட்டுவிடுகிறது. இவ்வளவு சிறுமையான ஒரு மனிதனை நம்மால் வெறுக்க முடியாமல் செய்துவிடுகிறார். நாற்பது வருடம் கல்யாணக் கூட்டத்தில் ஓரமாக நின்ற மாமாக்களாக நடித்தவருக்கு அந்த ஓரத்து மனிதனின் உள்ளே என்ன புழுங்கும் என்று தெரிந்திருந்தது. கதாநாயகனாக வாழ்ந்த ஒருவரால் இந்தச் சாமநாதுவைச் செய்திருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

உங்கள் மகளுக்கு: ‘பசி’யை முதலில் காட்டுங்கள், அடுத்து ‘சிந்து பைரவி’. ‘மைக்கேல் மதன காமராஜன்’ அவள் ஏற்கனவே பார்த்திருப்பாள். மணி ஐயர் பேசாத இடங்களை மட்டும் கவனித்து இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள். ‘பாயசம்’ சிறுகதையை அவள் படித்து, சாமநாதுவை உங்கள் முன் ஒருமுறை நடித்துக் காட்டட்டும். படத்தை அதற்குப் பிறகு போடுங்கள்.

அன்புடன்