தாத்தா பேர் சவரிமுத்து, பையனுக்கு எதை வைக்கிறது?

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி பக்கம் கடற்கரை கிராமம், வேலை சென்னையில. பையன் பிறந்து ரெண்டு மாசம் ஆகுது. எங்க தாத்தா பேர் சவரிமுத்து, அதையே வைக்கணும்னு அப்பா ஒத்தக்கால்ல நிக்கிறாரு. மனைவி வீட்டுல "சவரி எல்லாம் பட்டிக்காட்டுப் பேரு, ஸ்கூல்ல சவுரிமுடின்னு ஓட்டுவாங்க, ஸ்டைலா சேவியர்னு வைங்க"ங்கிறாங்க. அப்பாவோ "அது வேற பேரு, எங்கப்பா பேரு சேவியரா?"ன்னு முறுக்கிக்கிட்டு இருக்காரு. ஆபீஸ் ஃப்ரெண்ட் ஒருத்தன் இது சபரிமலைல இருந்து வந்த பேருன்னு சொல்றான். இந்தப் பேர் உண்மையில எங்க இருந்து வந்துச்சு, நாங்க எதை வைக்கலாம்?

பதில்: தம்பி, முதல்ல அப்பாகிட்ட சொல்லுங்க, சவரியும் சேவியரும் ஒரே பேர்தான், ரெண்டும் புனித பிரான்சிஸ் சேவியர், அதாவது நம்ம சவேரியார்ங்கிற ஒரே ஆள்கிட்ட இருந்து வந்தது. மாமியார் வீட்டுலயும் சொல்லுங்க, அந்த ஆள் தன் பேரை எப்படிச் சொல்லியிருப்பாரோ அதுக்கு சேவியரை விட சவரிதான் கிட்ட இருக்கு. இதோட சண்டை தீந்துரும்னு நான் நம்பல, ஆனா கதை நல்லா இருக்கும், கேளுங்க.

இது ஆரம்பத்துல மனுஷப் பேரே கிடையாது, ஒரு கோட்டையோட பேர். இன்னைக்கு ஸ்பெயினோட வடக்குல இருக்கிற நவார்ரா அப்போ தனி ராஜ்யம், அங்க பாஸ்க்னு ஒரு பழைய பாஷை, பக்கத்துல இருக்கிற எந்த பாஷையோடயும் ஒட்டாது. அதுல எச்செ-ன்னா வீடு, பெர்ரி-ன்னா புதுசு. எச்செபெர்ரின்னு இருந்த இடத்துப் பேர் ஆளாளுக்கு வாயில தேய்ஞ்சு தேய்ஞ்சு ஷவியேர்னு ஆச்சு. ஸ்பெயின்ல எச்செவெர்ரியான்னு ஒரு குடும்பப் பேர் கேள்விப்பட்டிருப்பீங்க, அதுவும் இதே வேர்தான். கன்னியாகுமரி மாவட்டத்துல புத்தன்வீடுன்னு, அதாவது புது வீடுன்னு, வீட்டுப் பேர் வச்சிருக்கிற குடும்பங்களைப் பார்த்திருப்பீங்களே, அவங்க பக்கத்துல நின்னு சேவியர்னு கூப்பிட்டா அர்த்தப்படி ரெண்டு பேரும் திரும்பிப் பார்க்கணும்.

அந்தக் கோட்டை அம்மா வழிச் சொத்து. அங்க 1506 ஏப்ரல் 7ஆம் தேதி பிறந்த பையனுக்கு ஞானஸ்நானப் பேர் பிரான்சிஸ்கோ, சேவியர்ங்கிறது எந்த ஊர்க்காரர்னு காட்டுறதுக்குப் பின்னாடி ஒட்டிக்கிட்டது. நமக்கு இது புதுசு இல்ல, பழனி, சிதம்பரம், அண்ணாமலை, திருப்பதின்னு ஊரையும் மலையையும் பிள்ளைங்களுக்குப் பேரா வைக்கிற ஆளுங்கதானே நாம, கத்தோலிக்க வீட்டுலயே லூர்துசாமி இருக்காரே, லூர்து பிரான்ஸ்ல ஒரு ஊரு.

அவர் 1542 மே மாசம் கோவாவுல வந்து இறங்கினாரு, அந்த வருஷக் கடைசியிலயே உங்க பக்கம், முத்துக்குளித்துறைக்கு வந்துட்டாரு. மணப்பாட்டுல கடலை ஒட்டி அவர் தங்கின குகைன்னு இன்னைக்கும் காட்டுறாங்க, நீங்க போகாம இருந்திருக்க மாட்டீங்க. பரதவர் மக்கள் அவர் வர்றதுக்கு அஞ்சாறு வருஷம் முன்னாடியே ஞானஸ்நானம் வாங்கியிருந்தாங்க, ஃபெர்னாண்டோ, மச்சாடோ, கோமஸ்னு உங்க ஊர்ல சுத்துற பேரெல்லாம் அந்த போர்ச்சுகீஸ் வழி. 1544ல திருவிதாங்கூர் கடற்கரையில ஒரே மாசத்துல பத்தாயிரம் பேருக்கு மேல ஞானஸ்நானம் குடுத்ததா அவரே லெட்டர்ல எழுதியிருக்காரு. அதே லெட்டர்ல ஒரு சின்ன விஷயம் வருது, எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்: ஒவ்வொருத்தருக்கும் அவங்கவங்க புதுப் பேரை எழுதிக் கையில குடுத்தாராம். வெயில்ல வரிசையா நிக்கிற ஜனங்க, அதுல பாதிப்பேருக்குப் படிக்கத் தெரிஞ்சிருக்காது, எழுதின பேரை வாங்கிக்கிட்டு வீட்டுக்குப் போறாங்க, போய் பொம்பளைங்களையும் பிள்ளைங்களையும் அனுப்புறாங்க.

ஆனா அந்தப் பேர்ல சவரி இருந்திருக்க வழியில்ல. உயிரோட இருக்கிற சாமியாரோட ஊர்ப் பேரை யாரும் பிள்ளைக்கு வைக்க மாட்டாங்க, புனிதர் பேரைத்தான் வைப்பாங்க. அவர் 1552 டிசம்பர் 3ஆம் தேதி சீனாக் கரைக்குப் பக்கத்துல ஒரு தீவுல செத்துப்போனாரு, 1622 மார்ச்ல ரோம்ல புனிதர் பட்டம் குடுத்தாங்க, அதுக்கப்புறம்தான் இது பிள்ளைகளுக்கு வைக்கிற பேரா ஊர் ஊரா பரவினது. அதனால "எங்க மூதாதைக்கு சவேரியாரே சவரின்னு பேர் வெச்சாரு"ன்னு குடும்பத்துல யாராவது சொன்னா, பெருமைக்குச் சொல்றாங்க, விட்டுருங்க.

இப்போ சத்தத்துக்கு வருவோம், உங்க மாமியார் வீட்டுக்கான பாயின்ட் இங்கதான் இருக்கு. அவர் காலத்துல ஸ்பானிஷ்லயும் எக்ஸ்ங்கிற அந்த முதல் எழுத்துக்கு ஷ சத்தம்தான், போர்ச்சுகீஸ்ல இன்னைக்கும் ஷ தான், பாஸ்க்லயும் அப்படியே. பின்னாடி ஸ்பானிஷ் மட்டும் தொண்டைக்குள்ள இறங்கி ஹவியேர்னு ஆயிருச்சு. இங்கிலீஷ்காரன் அதை ஸேவியர் ஆக்கினான், நம்ம சேவியர் அந்த ஸ்கூல் காலேஜ் இங்கிலீஷ் வழி வந்த உச்சரிப்பு. நம்ம ஜனங்க போர்ச்சுகீஸ்காரன் வாயில கேட்ட ஷவியேரை ஷ-வுக்கு ச போட்டு சவேரியார், சவரின்னு பிடிச்சுக்கிட்டாங்க. அந்த ஷ இன்னைக்கு மாட்ரிட்லயே இல்ல, உங்க தாத்தா பேர்ல அதோட மிச்சம் இருக்கு, இதுக்குப் பேர் பட்டிக்காடாம்!

ஊர் ஊரா எப்படி மாறிச்சுன்னும் பாருங்க. இத்தாலியில சவேரியோ, கிட்டத்தட்ட நம்ம சவேரியாரேதான். போலந்துல க்ஸாவெரி. ஜெர்மன் பேசுற கத்தோலிக்க ஊர்கள்ல பிரான்சிஸ், சேவியர் ரெண்டையும் சேர்த்து பிரான்ஸ் க்ஸாவர்னே வைப்பாங்க, இசையமைப்பாளர் மொஸார்ட்டோட 1791ல பிறந்த கடைசிப் பையன் பேர் அதான், மொஸார்ட் பாதியில விட்டுட்டுப் போன ரெக்வியம்ங்கிற இரங்கல் இசையை முடிச்சுக் குடுத்த சீடர் சூஸ்மையரும் இன்னொரு பிரான்ஸ் க்ஸாவர். ஃபுட்பால் பார்ப்பீங்கன்னா 2010ல வேர்ல்ட் கப் ஜெயிச்ச ஸ்பெயின் டீமை எடுத்துக்கோங்க. ஷாவி காத்தலான்காரர், ஷாபி அலோன்சோ பாஸ்க்காரர், ஹாவி மார்ட்டினெஸ் அதே நவார்ராக்காரர், மூணு பேரும் உங்க தாத்தா பேர்க்காரங்கதான். ஸ்டைல் வேணும்னு கேட்டவங்ககிட்ட இதையும் சொல்லிப் பாருங்க.

நம்ம ஊருக்கு வந்ததும் பேர் முழுசா நம்ம ஊர்க்காரனாவே ஆயிருச்சு. மாரிமுத்து, சுடலைமுத்து, பேச்சிமுத்துன்னு சாமி பேரோட முத்து சேர்க்கிற ஊர்ல அந்தோணிமுத்து, சவரிமுத்து வர்றதுல என்ன ஆச்சரியம், சாமி மாறினாலும் பேர் கட்டுற முறை மாறல. சவரியப்பன், சவரிராயன், சவரிராஜ், பொம்பளைங்களுக்கு சவரியம்மாள். திருச்சியில நூறு வருஷம் முன்னாடி தமிழ் ஆராய்ச்சிப் பத்திரிகை நடத்தின பண்டிதர் சவரிராய பிள்ளை இந்தப் பேர்தான், 1966ல கோலாலம்பூர்ல முதல் உலகத் தமிழ் மாநாட்டை நடத்தின தனிநாயகம் அடிகளும் ஒரு சேவியர்தான், யாழ்ப்பாணத்துக்காரர். நாகர்கோவில் பக்கம் "கேட்ட வரம் தரும் கோட்டார் சவேரியார்"னுதான் சொல்லுவாங்க, சேவியர்னு சொல்லி வரம் கேட்ட ஆளை நான் பார்த்ததில்ல.

ஃப்ரெண்ட் சொன்ன சபரிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, அது ராமாயணத்துச் சபரி, தனி வேர். பேச்சுல ப-வும் வ-வும் குழம்பி சில கிறிஸ்தவ வீடுகள்லயே சபரிமுத்துன்னு எழுதுறாங்க, அதனால வந்த சந்தேகமா இருக்கும்.

சவுரிமுடி கிண்டல் வரும், வராதுன்னு பொய் சொல்ல மாட்டேன், ஆனா ஸ்கூல் பசங்களுக்கு எந்தப் பேர் கிடைச்சாலும் ஓட்டத் தெரியும், சேவியருக்கும் ஒண்ணு கண்டுபிடிப்பாங்க. என்னைக் கேட்டா சர்ட்டிஃபிகேட்ல சவரிமுத்து, வீட்டுலயும் ஃப்ரெண்ட்ஸ் கிட்டயும் ஷவி, ஷாவி, சேவியர், யாருக்கு எது வாயில வருதோ அது. ரெண்டு பேரையும் சேர்த்து சேவியர் சவரிமுத்துன்னு மட்டும் வெச்சுடாதீங்க, அப்பாவையும் மாமனாரையும் ஒரே நேரத்துல சமாதானப்படுத்துறேன்னு நிறையப் பேர் இப்படித்தான் பண்றாங்க, ஒரே பேரை ரெண்டு தடவை எழுதுன மாதிரி.

அவசரமும் வேண்டாம். பிறப்புச் சான்றிதழ்ல பேரைப் பதிவு பண்ண பதிவு தேதியில இருந்து 12 மாசம் வரைக்கும் ஃபீஸ் கிடையாது, அதுக்கப்புறம் 15 வருஷம் வரை லேட் ஃபீஸ் கட்டிச் சேர்க்கலாம். இங்கிலீஷ் ஸ்பெல்லிங் மட்டும் ஒண்ணை முடிவு பண்ணி கோயில் ஞானஸ்நான ரெஜிஸ்டர், சான்றிதழ், ஆதார் மூணுலயும் அதையே குடுங்க, ஒரு இடத்துல எஸ்ல ஆரம்பிச்சு இன்னொரு இடத்துல எக்ஸ்ல ஆரம்பிச்சா பாஸ்போர்ட் எடுக்கும்போது அலைய வேண்டியிருக்கும். எந்தப் பேரை வெச்சாலும் பையனோட பேர்த் திருநாள், அதாவது அந்தப் புனிதரோட திருநாள், டிசம்பர் 3 தான், கோட்டார் திருவிழாவுக்காகக் குமரி மாவட்டத்துக்கே அன்னைக்கு லோக்கல் லீவு, சென்னையில நீங்கதான் லீவு போடணும்.