ஆயிரம் யானைகளும் ஒரு கட்டியக்காரனும்

வணக்கம் ஐயா,

எனக்குச் சொந்த ஊர் திருநெல்வேலி. வேலைக்காக வந்து சில வருடங்களாக ஜோகன்னஸ்பர்க் பக்கம் மிட்ராண்டில் இருக்கிறேன். என்னோடு வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் டர்பன் தமிழர், சாட்ஸ்வர்த்தில் பிறந்து வளர்ந்தவர். தமிழ் பேச வராது. ஆனால் பழைய தமிழ்ச் சண்டைப் படங்கள் என்றால் அவருக்கு உயிர். கதாநாயகன் ஒரு உதை விட்டால் பத்துப் பேர் பறப்பது, ஜீப் ஆற்றைத் தாண்டுவது, துப்பாக்கிக் குண்டு பயந்து திரும்புவது, இப்படிப்பட்ட காட்சிகளாகப் பொறுக்கிப் போனில் வைத்திருக்கிறார். மதிய இடைவேளையில் அலுவலகமே கூடி நின்று பார்த்துச் சிரிக்கிறது. எனக்குக் கூச்சமாக இருக்கிறது. தமிழில் எத்தனையோ நல்ல படங்கள் இருக்க, உலகத்துக்குக் காட்ட இதுதானா கிடைத்தது?

ஈஸ்டர் விடுமுறைக்கு அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவருடைய அம்மா அதே மாதிரி ஒரு படத்தைத் துணைத்தலைப்பு படித்துக்கொண்டே பார்த்தார். நாயகன் அடி வாங்கும்போது நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்து மகன் விழுந்து விழுந்து சிரிக்கிறார். இதில் யார் சரி? இந்தப் படங்கள் ஏன் சாகவே மாட்டேன் என்கின்றன?

எஸ்., மிட்ராண்ட்
(பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.)

அன்புள்ள எஸ்.,

இரண்டு பேருமே சரி. அந்த சோபாவில் சும்மா உட்கார்ந்திருந்தது நீங்கள் ஒருவர்தான் என்று நினைக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இந்தப் படங்களை ரசிப்பவர்கள் ஏமாறுகிறார்கள், நாம் ஏமாறவில்லை என்ற எண்ணத்திலிருந்து வருவது உங்கள் கூச்சம். எனக்குத் தெரிந்து யாரும் ஏமாந்ததில்லை. ஆள் பறப்பது கயிற்றில்தான் என்பது டிக்கெட் கிழிப்பவருக்கும் தெரியும். குத்து முகத்தில் படுவதில்லை. காமிராவுக்கும் முகத்துக்கும் நடுவில் போகிறது, வாங்குகிறவர் சரியான நேரத்தில் தலையைத் திருப்புகிறார், 'டிஷ்யூம்' பிறகு ஒலிப்பதிவுக் கூடத்தில் வந்து சேர்கிறது. வினாடிக்கு 24 சட்டகம் ஓடும் சினிமாவில் 20, 22 என்று குறைத்துப் படம் பிடித்தால் திரையில் கை கால்கள் பரபரவென்று பறக்கும். பழைய படங்களில் சில இடங்களில் கயிறே கண்ணுக்குத் தெரியும். யாரும் போய் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டதில்லை.

அதே சமயம், விழுவது நிஜ உடம்பு. ஜாக்கி சான் யூகோஸ்லாவியாவில் ஒரு படப்பிடிப்பில் மரத்துக்குத் தாவியபோது கிளை முறிந்து விழுந்து மண்டை ஓடு உடைந்து பிழைத்தார். தமிழ்ச் சண்டைக் கலைஞர்கள் படப்பிடிப்பிலேயே உயிரை விட்டிருக்கிறார்கள். கதை பொய், இயற்பியல் பொய், ஆனால் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே வருகிற ஆள் பொய் இல்லை. அது பார்ப்பவருக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது. எல்லாவற்றையும் கணினியில் செய்து தருகிற சண்டைகள் இரண்டாம் முறை பார்க்கும்போதே அலுத்துப்போவதற்கு இதுதான் காரணம் என்பது என் கட்சி.

சரி, மிகைக்கு வருவோம். இதை ஹாங்காங்கிலிருந்து இறக்குமதி ஆன சரக்கு என்று சொல்கிறவர்கள் உண்டு. ஆனால் இது நம்மிடமே முன்பே இருந்தது. நம் இலக்கணக்காரர்கள் போர் வெற்றியைப் பாடும் பரணி என்ற சிற்றிலக்கியத்துக்கு ஒரு தகுதியே வைத்திருந்தார்கள்: பாட்டுடைத் தலைவன் போரில் ஆயிரம் யானைகளை வென்றிருக்க வேண்டும். 999 யானை என்றால் ஐயா வேறு சிற்றிலக்கியம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். கலிங்கத்துப்பரணியை எடுத்துப் பாருங்கள். போர் முடிந்த களத்தில் பேய்கள் கூழ் சமைக்கப் போகின்றன. அதற்கு முன்னால் பல் விளக்குகின்றன. பல் குச்சி, யானைத் தந்தம். நாக்கு வழிக்க, யானையின் விலா எலும்பு. சோழர் தளபதி கருணாகரத் தொண்டைமானின் வெற்றியைப் பாட வந்த ஜெயங்கொண்டார் இதை முகத்தை இறுக்கிக்கொண்டு எழுதியிருப்பாரா? கேட்டவர்களும் சிரித்திருப்பார்கள். அதனால் சோழர் படைக்கு ஒரு குறையும் வரவில்லை.

இந்தச் சிரிப்பு நாம் இருக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் கப்பலேறி வந்தது. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் டர்பனில் ஒப்பந்தக் கூலிகளை இறக்கியது. 1911 வரை இப்படி வந்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேல். கரும்புத் தோட்டத்துக்கு வந்த தமிழர்கள் மாரியம்மனையும் தீமிதியையும் கொண்டுவந்த மாதிரியே தெருக்கூத்தையும் கொண்டுவந்தார்கள். இங்கே தெருக்கூத்தை 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்று சொன்னால் உங்கள் நண்பரின் அம்மாவுக்கு உடனே புரியும்.

கூத்தில் ராஜா எப்படி வருவார் என்பதை யோசித்துப் பாருங்கள். இரண்டு பேர் திரை பிடித்து நிற்பார்கள். ராஜா திரைக்குப் பின்னால் பாடுவார், ஆடுவார், கிரீடத்தின் நுனியை மட்டும் காட்டுவார். சனம் பொறுமை இழக்கும்போதுதான் திரை விலகும். தோளில் புஜகீர்த்தி, முகத்தில் அரிதாரம், காலில் சலங்கை. வந்ததும் தன் பெயர், குலம், பராக்கிரமம் எல்லாவற்றையும் தானே சொல்லிக்கொள்வார். பூட்ஸில் ஆரம்பித்துக் காமிரா மேலே ஏறி முகத்துக்கு வந்து சேர்வதற்குள் திரையரங்கில் விசில் காதைப் பிளக்கிறதே, அந்த அறிமுகக் காட்சியின் தாத்தா இவர்தான்.

ஆனால் ராஜா தனியாக வருவதில்லை. பக்கத்திலேயே கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் நிற்பான். ராஜா படைபலத்தை அடுக்கினால், அந்தப் படைக்குச் சம்பளம் பாக்கி என்பான். ராஜா கர்ஜித்தால் இவன் இருமுவான். ராஜாவின் முகத்துக்கு நேராகவே நடக்கும் இது. சனம் வயிறு வலிக்கச் சிரிக்கும். அதே ராஜா விடியற்காலையில் துரியோதனனாகப் படுகளத்தில், அதாவது போர்க்களச் சாவுக் காட்சியில், விழும்போது அதே சனம் அழும். ராத்திரி முழுக்க அந்த இரண்டும் ஒரே பாயில் உட்கார்ந்துதான் நடக்கும்.

உங்கள் நண்பர் செய்வது கட்டியக்காரன் வேலை. அம்மா படுகளத்துக்குக் காத்திருக்கிறார். அலுவலகத்தில் சிரிப்பவர்களைப் பற்றி எனக்குத் தெரியாது. ஒருவேளை அவர்கள் சும்மா கேலிதான் செய்கிறார்களோ என்னவோ. ஆனால் நண்பர் முழுப் படத்தையும் பார்த்தவர், வசனம் புரியாவிட்டாலும் சண்டையின் வரிசையை மனப்பாடமாக வைத்திருப்பவர். பிடிக்காத ஒன்றுக்காக யாரும் அவ்வளவு மெனக்கெட மாட்டார்கள்.

2010-ல் வந்த 'தமிழ்ப்படம்' ஞாபகம் இருக்கும். பஞ்ச் வசனம், அறிமுகப் பாட்டு, நடுவில் நிற்கும் நாயகனிடம் வரிசையில் வந்து அடி வாங்கும் அடியாட்கள் என்று ஒன்றையும் விடாமல் கிழித்தார்கள். அதற்குக் கைதட்டிய கூட்டம்தான் அடுத்த நட்சத்திரப் படத்துக்கு முதல் நாள் முதல் காட்சிக்கும் போனது. நாயக அறிமுகம் அதனால் அரை அங்குலம்கூடக் குறையவில்லை.

இந்த ஊர்க் கதைக்கு வருகிறேன். தென்னாப்பிரிக்காவுக்குத் தொலைக்காட்சி வந்ததே 1976 ஜனவரியில்தான். அதுவரை பயாஸ்கோப்தான் எல்லாம். டர்பனில் கிரே ஸ்ட்ரீட், இன்றைக்கு டாக்டர் யூசுஃப் தாதூ ஸ்ட்ரீட், அந்த வட்டாரத்தில் ஷாஜஹான், அவலான் என்று இந்தியர்களின் அரங்குகள். ஒரு படத்தை எந்த நிறத்துக்காரர் பார்க்கலாம், யார் பார்க்கக்கூடாது என்று சொல்லும் அதிகாரத்தை 1963-ன் சட்டம் தணிக்கை வாரியத்துக்குக் கொடுத்திருந்தது. அப்படிப்பட்ட ஊரில் புரூஸ் லீ வந்து இறங்கினார். 1973-ல் அவர் செத்துப்போனதெல்லாம் யாருக்கும் பொருட்டாகவே இல்லை. பையன்கள் நன்சாக்கு (அவர் சுழற்றும், சங்கிலியால் இணைத்த இரட்டைக் கட்டை) செய்வதற்காக எத்தனை அம்மாக்களின் விளக்குமாற்றுக் கட்டைகள் காணாமல் போயின என்பதற்குக் கணக்கே கிடையாது.

அதே 1970-களின் தொடக்கத்தில் இங்கேயே எடுத்த ஒரு படம் 'ஜோ புல்லட்'. முழுக்கக் கறுப்பின நடிகர்கள், கென் கம்பு நாயகன். ஒரு கால்பந்து அணியை ரவுடிக் கும்பலிடமிருந்து காப்பாற்றும் கதை. கராத்தே, கார் துரத்தல், துப்பாக்கி, எல்லாம் கொஞ்சம் தூக்கலாக. இன்றைக்குப் பார்த்தால் சிரிப்பு வரும் இடங்கள் நிறைய. ஆனால் அன்றைய அரசு சிரிக்கவில்லை. ஜோகன்னஸ்பர்க்கின் கறுப்பினக் குடியிருப்பான சொவெட்டோவில் இரண்டு காட்சி ஓடியதுமே தடை. பல பத்தாண்டுகள் கிடப்பில் கிடந்து, மீட்டெடுக்கப்பட்டு, 2014-ல் டர்பன் சர்வதேசத் திரைப்பட விழாவில் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது. 1987-ல் 'அமெரிக்கன் நின்ஜா 2' படத்தையும் இதே நாட்டில்தான் எடுத்தார்கள். நாயகன் வெள்ளைக்காரர், கதை கரீபியன் தீவில் நடக்கிறது, முகமூடி போட்ட நின்ஜாக்கள் மரத்திலிருந்தும் மணலிலிருந்தும் குதிக்கிறார்கள். அதற்கு இங்கே ஒரு சிக்கலும் இல்லை.

இதை வைத்து, மிகை என்பது ஒடுக்கப்பட்டவர்களின் கலகம் என்று ஒரு கருத்தரங்கக் கட்டுரை தேற்றிவிடலாம். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். அரங்குக்குப் போன பெரும்பாலானவர்கள் உதை பார்க்கத்தான் போனார்கள். ஆனால் கூரைக்குக் கூரை தாவுவது யார் என்பதை அந்த அரசு கவனித்தது, பார்த்தவர்களும் கவனித்தார்கள். அதை மறந்துவிட்டு வெறும் அபத்தம் என்று தள்ளிவிட முடியாது.

சாகவே மாட்டேன் என்கின்றன என்றீர்கள். சாகின்றன. வந்ததில் நிறையச் செத்து, பலவற்றுக்கு நெகட்டிவ்கூட மிஞ்சவில்லை. தங்கியவை எவை என்று பார்த்தால், தன்னைத் தானே முழுசாக நம்பிய படங்கள். ஜீப் ஆற்றைத் தாண்டும்போது அந்த இயக்குநர் நம்மைப் பார்த்துக் கண் சிமிட்டவில்லை. தாண்டும் என்று நிஜமாகவே நினைத்தார். இப்போது சிலர் வேண்டுமென்றே மோசமாக எடுத்து, 'நாங்களும் உங்களோடு சேர்ந்து சிரிக்கிறோம்' என்கிறார்கள். ராஜா இல்லாமல் கட்டியக்காரன் மட்டும் மேடையேறினால் அரை மணி நேரம் தாங்கும். 'தமிழ்ப்படம்' தாங்கியது, ஏனென்றால் அதற்கான ராஜாக்கள் எல்லோரும் ஏற்கெனவே நம் தலைக்குள் இருந்தார்கள்.

எனக்கு வருத்தம் இன்றைய பெரிய நட்சத்திரப் படங்கள் மீதுதான். ராஜா இருக்கிறார், கட்டியக்காரனைக் காணோம். நகைச்சுவை நடிகருக்குக்கூட நாயகனைப் புகழ்வதுதான் வேலை. இயந்திரத் துப்பாக்கியால் நூறு பேரைச் சாய்த்துவிட்டு இடுங்கிய கண்ணோடு சுருட்டுப் பிடிக்கிறார், படத்துக்குள் ஒருவருக்கும் சிரிப்பு வருவதில்லை. சாதிப் பெருமைக்கு அரிவாள் தூக்குவதையும், வேண்டாம் என்கிற பெண்ணைத் துரத்துவதையும் 'மாஸ்' என்ற பெயரில் விழுங்கச் சொல்கிறார்கள். பறக்கும் ஜீப்பை நான் மன்னிப்பேன், இதையெல்லாம் மன்னிக்க மாட்டேன். கூச்சப்பட்டே ஆக வேண்டும் என்றால் இதற்குப் படுங்கள்.

நல்ல படங்களைக் காட்டுங்கள், தாராளமாக. ஆனால் பரிகாரம் மாதிரிக் காட்டாதீர்கள், நண்பர் ஓடிவிடுவார். அடுத்த தடவை சாட்ஸ்வர்த் போனால் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்காருங்கள். துணைத்தலைப்பில் வசனம் பாதிதான் வருகிறது, அடுக்குமொழி எல்லாம் போய்விடுகிறது. வில்லன் சொன்னதற்கு நாயகன் என்ன பதில் கொடுத்தான் என்று மெதுவாகச் சொல்லுங்கள். மகன் சிரித்தால் சிரிக்கட்டும். சண்டை நடக்கும்போது மட்டும் வாயைத் திறக்காதீர்கள், அம்மா திட்டுவார்.