டோலியில் இறங்கும் தூரம்: மலைக் கிராம நலவாழ்வு பற்றிய கேள்வி-பதில்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஜவ்வாது மலையின் வேலூர்ப் பக்கத்து ஊர்களிலிருந்து வந்தவை. பாம்புக்கடி பற்றியே பலரும் கேட்டிருப்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

எங்கள் குக்கிராமத்துக்கு வண்டி வராது. பாம்பு கடித்தவரை டோலி கட்டித்தான் அடிவாரத்துக்கு இறக்க வேண்டும். அதுவரை கடிவாய்க்கு மேல் கயிறு கட்டி வைக்கலாமா?
(இளைஞர், அணைக்கட்டு வட்டம்)

கட்டக் கூடாது. கண்ணாடி விரியன் போன்றவற்றின் நஞ்சு கடித்த இடத்துச் சதையையே அழுகச் செய்யும். அங்கே இரத்த ஓட்டத்தையும் நிறுத்திவிட்டால், உயிர் பிழைத்தாலும் காலை இழக்க நேரிடலாம். மெட்டி, கொலுசு, காப்பு ஆகியவற்றை வீக்கம் வருமுன் கழற்றிவிட்டு, கடிபட்ட காலை இரண்டு கம்புகளுக்கிடையே அசையாதபடி துணியால் தளர்வாகக் கட்டி, நடக்க விடாமல் தூக்கிச் செல்லுங்கள். கைப்பேசியில் சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு ஒருவரை முன்னால் ஓடவிட்டு 108-ஐ அழைத்தால், நீங்கள் இறங்கி வரும்போது வண்டி அடிவாரத்தில் காத்திருக்கும்.

பாம்பை அடித்து எடுத்துவர வேண்டியதில்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் ஒரே மருந்துதான். கட்டுவிரியன் மட்டும் ஏமாற்றும்: இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், வலியோ வீக்கமோ அநேகமாக இராது, விடியற்காலையில் வயிற்றுவலியும், பிறகு இமை தொங்கலும் வரும். அப்படி வந்தவரை அஜீரணம் என்று உட்கார வைத்துவிடாதீர்கள்.

கடிகளில் கணிசமானவற்றில் நஞ்சு உடலில் ஏறுவதில்லை என்பதால்தான் மந்திரிப்பது பலித்ததுபோல் தோன்றுகிறது. மந்திரிக்கும் பெரியவரோடு சண்டையிடுவதைவிட, ‘முதலில் ஆஸ்பத்திரி, பிறகு என்னிடம் வா’ என்று அவரையே சொல்ல வைப்பது பயன் தரும் என்பது என் கருத்து. 2023 மே மாதம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை மருத்துவமனைக்குக் கொண்டுவரும் வழியிலேயே இறந்ததையும், திரும்பும்போது தாய் அந்த உடலைக் கையில் சுமந்து மலையேறியதையும் இந்தப் பகுதியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

மழைக்காலத்துக்குப் பின் எங்கள் மாணவர்களுக்குப் பத்து நாள்வரை காய்ச்சல் நீடிக்கிறது. டைபாய்டு என்று ஊசி போட்டும் குறையவில்லை.
(உண்டு உறைவிடப் பள்ளி ஆசிரியர்)

உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். இந்தப் பெயர் சற்றுத் தவறான எண்ணத்தைத் தருகிறது. நாயின் மேல் காணும் உண்ணியால் இது வருவதில்லை, புதரிலும் புல்லிலும் வாழும், கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு சிறு பூச்சியின் இளம்புழு கடிப்பதால் வருகிறது. கடித்த இடத்தில் பீடியால் சுட்டதுபோல் ஒரு கறுத்த பொருக்கு பலருக்கு இருக்கும். அது வலிக்காது, அக்குளிலும் தொடையிடுக்கிலும் அரைஞாண் கயிறு படும் இடத்திலும் ஒளிந்திருப்பதால், சட்டையைக் கழற்றிப் பார்க்காத மருத்துவருக்குத் தென்படாது. கிருமி உயிரணுவுக்குள்ளேயே வாழ்வதால் டைபாய்டுக்கு வழக்கமாகப் போடும் ஊசி அதற்குப் பயன்படாது. விலை குறைந்த டாக்சிசைக்ளின் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். மூச்சிரைப்போ குழப்பமோ தோன்றினால் காத்திராமல் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புங்கள். நோய் முற்றிய நிலையில் டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து நரம்பு வழியே செலுத்துவது தனித்தனியே கொடுப்பதைவிட நல்லது என்பதை, வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி முன்னின்று நடத்தி 2023-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

கர்ப்பிணிகள் இரும்புச் சத்து மாத்திரையை வாங்கிக்கொண்டு வேலியோரம் வீசிவிடுகிறார்கள். என்ன செய்வது?
(கிராம சுகாதார செவிலியர்)

கேட்டால் திட்டுவீர்கள் என்ற பயத்தில் ‘சாப்பிட்டேன் நர்சம்மா’ என்பார்கள். ஆகவே திட்டாமல் காரணத்தைக் கேளுங்கள். மலம் கறுப்பது, குமட்டல், பிள்ளை பெருத்துப் பிரசவம் கடினமாகும் என்ற அச்சம் ஆகிய மூன்றில் ஒன்று வரும். கறுப்பது இயல்பே என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். குமட்டினால் இரவு உணவுக்குப் பின் போடச் சொல்லலாம். தேநீரோடு மட்டும் சேர்க்க வேண்டாம். ஒரு மணி நேரம் இடைவெளி தேவை. 180 நாள் மாத்திரையோடு, வெறுங்கால் வழியே ஏறிக் குடலில் இரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழுவுக்கு ஒரு முறை அல்பெண்டசோல் என்னும் புழு மாத்திரையும் (நான்காம் மாதத்துக்குப் பிறகு), காட்டுக்குப் போகும்போது காலில் செருப்பும் இல்லையென்றால் இரத்தம் ஊறுவதும் ஒழுகுவதுமாகவே இருக்கும்.

வேலூரில் இத்தனை பெரிய ஆஸ்பத்திரிகள் இருந்தும் எங்களுக்கு ஏன் எட்டவில்லை?
(பீஞ்சமந்தை வாசகர்)

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியை நிறுவிய ஐடா ஸ்கடர் காலத்திலேயே வண்டியில் மருந்தோடு சாலையோர ஊர்களுக்குச் சென்ற மரபு இங்கே உண்டு, கணியம்பாடியிலும் கே.வி.குப்பத்திலும் ஊர் ஊராகச் செல்லும் பணி பல பத்தாண்டுகளாக நடக்கிறது. ஆனால் வண்டி போகிற இடம் வரைதான் வண்டி போகும். மலைப்பகுதிக்கு 3,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 20,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்று விதி தளர்த்தப்பட்டிருந்தாலும், அந்தக் கணக்கு தலைகளை எண்ணுகிறதேயன்றி நடக்கும் மணி நேரத்தை எண்ணவில்லை. கிராம சபையில் மனு கொடுக்கும்போது மக்கள்தொகையோடு நடைத்தொலைவையும் எழுதுங்கள்.

பிரசவத்துக்கு ஒரு வாரம் முன்பே இறங்கி வந்து தங்கச் சொல்கிறார்கள். ஆடுமாடுகளை யார் பார்ப்பது?

நியாயமான கேள்வி. ஆயினும் பிள்ளை பிறந்தபின் இரத்தப்போக்கு மிகுந்தால் இரண்டு மணி நேரத்திலேயே உயிர் போகலாம். டோலிக்கு அதற்கு மேல் ஆகும். எனவே மாமியாரோ நாத்தனாரோ ஆடுகளைப் பார்க்கட்டும், மூத்த பிள்ளையை உடன் அழைத்து வாருங்கள். தங்கும் அறையில் துணைக்கு வருபவருக்கும் சோறு உண்டா என்று செவிலியரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். (உப்புச் சர்க்கரைக் கரைசல்) பொட்டலம் தீர்ந்துவிட்டால்?

காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள்.