யூரியா தொட்டி நிறைந்திருக்கிறது, மீட்டர் காலி என்கிறது: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மீன் ஏற்றும் பிஎஸ்6 லாரி வைத்திருக்கிறேன். மீன்பிடித் தடைக்காலம் முழுவதும் வண்டி வாசலிலேயே நின்றது. தடை முடிந்து முதல் லோடு ஏற்றியதும் யூரியா விளக்கு எரிந்தது. தொட்டியை நிரப்பிய பிறகும் மீட்டர் பூஜ்யத்திலேயே நிற்கிறது. பாம்பன் பாலம் ஏறும்போது இழுவை இல்லை. சென்சாரை யூனிட்டோடு மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றித்தான் ஆக வேண்டுமா?
— லாரி உரிமையாளர், தங்கச்சிமடம்

பதில்: மாற்ற வேண்டியும் வரலாம். ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியது மீட்டர் முள் அல்ல, ஸ்கேனரில் வரும் பிழைக் குறியீடு. எக்ஸாஸ்ட் புகையின் நச்சைக் குறைக்கத் தெளிக்கப்படும் யூரியா கரைசல் தீர்ந்துவிட்டது என்று வண்டியின் கணினி கருதினாலும், அளவைச் சொல்லும் சென்சாரின் மின்சுற்றில் கோளாறு என்று கருதினாலும், ஓட்டுபவருக்குத் தெரிவது ஒரே விளக்கும் ஒரே இழுவைக் குறைவும்தான். குறியீடுகளோ வெவ்வேறானவை. லாரிகளில் குறியீடு இரண்டு எண்ணாக வரும்: எஸ்பிஎன் எந்தப் பகுதி என்பதையும், எஃப்எம்ஐ அங்கே என்ன கோளாறு என்பதையும் சொல்லும். எஸ்பிஎன் 1761 என்பது யூரியா தொட்டியின் அளவைக் குறிக்கும். அதனுடன் எஃப்எம்ஐ 1, 17, 18 ஆகியவற்றில் ஒன்று வந்தால், மின்சுற்று சரியாக இருக்கிறது, அளவுதான் குறைவு என்று பொருள். 3 என்றால் மின்னழுத்தம் வரம்புக்கு மேலே. 4 என்றால் கீழே. 9 என்றால் சென்சாரிடமிருந்து வரவேண்டிய தகவலே வந்து சேரவில்லை. மெக்கானிக்கிடம் முதலில் இந்த எண்ணைக் கேளுங்கள். எண்ணைச் சொல்லாமல் விலையைச் சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

தொட்டி நிறைந்திருந்தும் ‘அளவு குறைவு’ என்றே குறியீடு வருமானால், சென்சாரில் அளவோடு ஏறி இறங்கும் மிதவை சிக்கியிருக்க வாய்ப்பு அதிகம். இந்தக் கரைசலில் எடையில் 32.5 சதவீதம் யூரியா, மீதி அயனி நீக்கிய, அதாவது கரைந்த உப்புகள் அகற்றப்பட்ட நீர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், அதுவும் அக்கினி வெயிலில், அரைகுறைத் தொட்டியோடு வண்டி நின்றால் நீர் ஆவியாகி, மிதவை ஏறி இறங்கும் தண்டில் யூரியா வெள்ளைப் படிகமாகப் படியும். யூனிட்டைக் கழற்றி, வெதுவெதுப்பான அயனி நீக்கிய நீரில் ஊறவிட்டால் படிகம் தானே கரையும். கத்தியால் சுரண்டக் கூடாது. பிறகு கனெக்டரைப் பொருத்தி, சாவியை ‘ஆன்’ நிலையில் வைத்து, மிதவையை விரலால் மெல்ல மேலே தள்ளிப் பாருங்கள். ஸ்கேனரில் சதவீதம் படிப்படியாக ஏறி, கீழே விடும்போது இறங்கினால் அந்தச் சென்சாருக்கு ஒரு குறையும் இல்லை. கழுவியதோடு வேலை முடிந்தது.

3 அல்லது 4 வந்தால் கனெக்டரைப் பார்க்க வேண்டும். மீன் வண்டிகளுக்கென்று ஒரு தனிக் கேடு உண்டு: ஐஸ் உருகி வழியும் உப்பு நீர் பெட்டியின் வடிகுழாயிலிருந்து சேசிஸ் மேலும், பல வண்டிகளில் நேராக யூரியா தொட்டியின் தலை மேலும் சொட்டுகிறது. கடற்காற்று மட்டும் பல மாதங்களில் செய்யும் வேலையை இந்த நீர் வெகு விரைவில் செய்துவிடும். கனெக்டரைப் பிரித்து வெளிச்சத்தில் பாருங்கள். பின்களில் பச்சைக் களிம்பு இருந்தால் செம்பு அரிக்கப்படுகிறது. ரப்பர் சீலுக்கு உள்ளே வெள்ளையாகப் பூத்திருந்தால் உப்போ யூரியாவோ உள்ளே புகுந்திருக்கிறது. இரண்டையும் அயனி நீக்கிய நீரால் கழுவி, காற்றடித்து உலர்த்திய பிறகே அடுத்த சோதனைக்குப் போக வேண்டும்.

அந்தச் சோதனைக்குச் செலவில்லை. மிதவை வகைச் சென்சாராக இருந்தால், சாவி ‘ஆன்’ நிலையில் கனெக்டரைக் கழற்றிவிட்டுக் குறியீட்டை மறுபடி படியுங்கள். முன்பு 4 வந்தது இப்போது 3 ஆக மாறினால், வயரிங்கும் கணினியும் நலம், ஷார்ட் சென்சாருக்குள்ளேதான் இருக்கிறது, மாற்றிவிடலாம். கழற்றிய பிறகும் 4 நீடித்தால் சென்சார் நிரபராதி. வயர் எங்கோ உரசி சேசிஸைத் தொடுகிறது. முதலிலிருந்தே 3 தான் வருகிறது என்றால், வயரிங் படத்தைப் பார்த்து, சிக்னல் வயரையும் சென்சாரின் எர்த் வயரையும் மட்டும் சிறு வயரால் இணைத்துப் பாருங்கள்; 4 ஆக மாறினால் கோளாறு சென்சாரில், மாறாவிட்டால் வயர் அறுந்திருக்கிறது. படம் கையில் இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம், ஏனென்றால் 5 வோல்ட் வயரைத் தவறுதலாக எர்த்தில் தொட்டால் அதே 5 வோல்ட்டை நம்பியிருக்கும் மற்றச் சென்சார்களும் சேர்ந்து குழம்பும்.

ஒலி அலையால் அளவு பார்த்து, கேன் (CAN) எனப்படும் இரட்டைத் தகவல் வயர் வழியே வண்டியின் கணினிக்குத் தகவல் அனுப்பும் புதிய சென்சார்களுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அவற்றில் 9 வந்தால், மின்சாரமும் எர்த்தும் வருகின்றனவா என்று பார்த்துவிட்டு, பேட்டரியைத் துண்டித்த நிலையில் கேன் வயர்கள் இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 60 ஓம் காட்டுகிறதா என்று அளக்க வேண்டும்.

அடுத்த தடைக்காலத்துக்கு ஒரு வார்த்தை. வண்டியை நிறுத்தும்போது தொட்டியை நிரப்பி வையுங்கள். சாவியை அணைத்த கையோடு பேட்டரி சுவிட்சையும் அணைக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அது வேண்டாம். சாவியை அணைத்த பிறகு சில நிமிடங்கள், குழாயில் மிச்சமுள்ள யூரியாவைப் பம்ப் தொட்டிக்கே திருப்பி இழுக்கும். அந்த நேரத்தைக் கொடுக்காவிட்டால் குழாயிலேயே படிகம் கட்டும்.

கேள்வி: காலையில் அளவு சரியாகக் காட்டுகிறது, ஏர்வாடி தாண்டியதும் காலி என்கிறது, சற்று நேரத்தில் தானே சரியாகிவிடுகிறது. சென்சார் போய்விட்டதா?
— வேன் ஓட்டுநர், கீழக்கரை

பதில்: வந்து வந்து போகும் கோளாறில் சென்சாரைக் கடைசியாகச் சந்தேகியுங்கள். பெரும்பாலும் தளர்ந்த பின்னோ துருவேறிய எர்த் போல்ட்டோதான் காரணம். ஒருவர் ஸ்கேனரில் சதவீதத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, மற்றவர் தொட்டியிலிருந்து வயரிங்கைக் கைப்பிடி கைப்பிடியாக அசைத்துக்கொண்டே போக வேண்டும். எண் துள்ளும் இடத்தில்தான் பழுது. வயரின் தோலில் ஊசியைக் குத்தி மின்னழுத்தம் பார்க்கும் வழக்கத்தை மட்டும் நம் கடற்கரையில் விட்டுவிட வேண்டும். அந்த ஊசித் துளை வழியே உப்பு ஈரம் இறங்கி, வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே செம்பு பொடியாகிவிடும். இன்று கண்டுபிடித்த கோளாறுக்குப் பதில் சில மாதங்களில் கண்டுபிடிக்கவே முடியாத ஒன்று கிடைக்கும். கேனிலிருந்து வேகமாக ஊற்றிய உடனே மட்டும் அளவு தடுமாறுகிறது என்றால் அது நுரையால் வருவது, அடங்கியதும் சரியாகும்.

கேள்வி: வயலுக்குப் போடும் யூரியாவை ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து ஊற்றினால் என்ன? அளவு சென்சார் ஏற்றுக்கொள்கிறதே!
— டிராவல்ஸ் நடத்துபவர், தொண்டி

பதில்: அளவு சென்சார் எதையும் ஏற்றுக்கொள்ளும், உங்கள் ஊர்க் கிணற்று நீரையும் சேர்த்து. அதனால்தான் பல வண்டிகளில் தரத்தைப் பார்க்கத் தனிச் சென்சார் இருக்கிறது. அதன் குறியீடு எஸ்பிஎன் 3364. 2015 முதல் நம் நாட்டில் மானிய யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசியே வருகிறது. அந்த எண்ணெய்ப் பிசுக்கு மிதவையிலும் பில்டரிலும் ஒட்டும்; ஆர்.ஓ. நீரில் மிஞ்சும் உப்புகள் எக்ஸாஸ்டில் உள்ள வினையூக்கியைக் கெடுக்கும். மானிய யூரியாவை விவசாயம் அல்லாத வேலைக்குப் பயன்படுத்துவது உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி குற்றமும்கூட. ஏற்கெனவே ஊற்றியிருந்தால், சாவியைக்கூடத் திருப்பாமல் தொட்டியை முழுவதும் வடித்து, அயனி நீக்கிய நீரால் அலசிவிட்டு, சீல் பிரிக்காத கேனிலிருந்து நிரப்புங்கள்.