குதிரை ஜி5-க்கு வந்தால்: சதுரங்கக் கேள்வி பதில்

நாகர்கோவிலில் நடந்த சிறுவர் போட்டியில் பலரும் பேசிய ஆட்டம் இது (முதலில் வெள்ளை, அடுத்து கறுப்பு; காயின் பெயர் இல்லாவிட்டால் சிப்பாய்): இ4 இ5, குதிரை எஃப்3 குதிரை சி6, பிஷப் (மந்திரி) சி4 குதிரை எஃப்6, குதிரை ஜி5 டி5, சிப்பாய் டி5-இல் வெட்டு. கறுப்பு ஆடிய பையன் அதைக் குதிரையால் திருப்பி வெட்டினான். உடனே வெள்ளைக் குதிரை எஃப்7-இல் விழுந்தது. குதிரையைப் பலிகொடுத்து ராஜாவை வெளியே இழுக்கும் இந்தத் தாக்குதலின் பெயர் ஃப்ரைடு லிவர்!

மார்த்தாண்டம் அம்மா: சிப்பாயை வெட்டினான், திருப்பி வெட்டினோம். இதில் என்ன தப்பு சார்?

எஃப்7-ஐக் காப்பது ராஜா மட்டும்தான். சி4 பிஷப் அதைக் குறிவைக்கிறது. ஆனால் வெள்ளையின் சிப்பாயே டி5-க்கு வந்து பிஷப்பின் வழியை அடைத்துவிட்டது. அது அங்கேயே கிடக்கட்டும். சி6 குதிரையை ஏ5-க்குக் கொண்டுபோய் பிஷப்பை மிரட்ட வேண்டும். திருப்பி வெட்டினால் எஃப்7-இல் குதிரையைப் பலிகொடுத்து, ராணியை எஃப்3-க்குக் கொண்டுவந்து செக் கொடுப்பார்கள். டி5 குதிரையைக் காப்பாற்ற ராஜா இ6 வரை நடக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு அங்கே கை நடுங்கும்.

தக்கலை அப்பா: இவ்வளவு தொல்லை எதற்கு? எளுப்பமான வழி இல்லையா?

உண்டு. மூன்றாவது நகர்த்தலில் குதிரை எஃப்6-க்குப் பதிலாகக் கறுப்பு பிஷப் சி5. இப்போது குதிரை ஜி5-க்கு வந்தால் டி8 ராணி சும்மா வெட்டிவிடும். குதிரை ஜி5-க்கு வராமல் தடுக்கச் சிப்பாயை எச்6-க்குத் தள்ள வேண்டாம், ஒரு நகர்த்தல் வீண்.

நாகர்கோவில் தாத்தா: தொட்ட குதிரையால் வெட்டித்தான் ஆக வேண்டுமா?

குதிரையை மட்டும் தொட்டால் அதையே நகர்த்த வேண்டும், எங்கே என்பது அவன் விருப்பம். எதிரியின் சிப்பாயையும் தொட்டுவிட்டால் வெட்டித்தான் ஆக வேண்டும்.

இரணியல் அக்கா: ஓபனிங்கை (தொடக்க நகர்த்தல்களை) மனப்பாடம் செய்தால் போதுமா?

போதாது. 2024-இல் சிங்கப்பூரில் நடந்த உலக சாம்பியன் போட்டியில், குகேஷுக்கு எதிரான கடைசி ஆட்டத்தில் அப்போதைய சாம்பியன் டிங் லிரென் ஓபனிங்கில் தோற்கவில்லை. 55-ஆவது நகர்த்தலில் ரூக்கை (யானையை) எஃப்2-க்குத் தவறாகக் கொண்டுபோனார். ரூக்கும் பிஷப்பும் வெட்டுப்பட்டு மாறி, ராஜாவும் சிப்பாய்களும் மட்டுமே மிஞ்சிய முடிவாட்டத்தில் குகேஷ் வென்று உலக சாம்பியன் ஆனார்.

குளச்சல் பையன்: வெள்ளையில் நான் இந்தக் குதிரை ஜி5-ஐ ஆடலாமா சார்?

ஆடு மக்கா. ஆனால் எதிராளி குதிரையை ஏ5-இல் வைத்தால்? பிஷப் பி5 செக், சி6, சிப்பாயால் வெட்டு, சிப்பாயால் திருப்பி வெட்டு, பிஷப் இ2, எச்6, குதிரை எஃப்3, இ4. உனக்கு ஒரு சிப்பாய் லாபம், உன் குதிரைக்குத்தான் நிற்க இடமில்லை. அது இ5-க்குப் போன பிறகு கறுப்பு என்ன செய்யும் என்று பார்த்துவிட்டு வா.